எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்ட பிறகு வண்டி அடம்பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி போன வைகாசியில் தன் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு காரைக்குடியில் என் பட்டறைக்கு வந்தார். 2018-இல் எடுத்த 350 சிசி கார்புரேட்டர் வண்டி. செல்ஃப் எடுக்கவில்லை, கிக்கருக்கும் மசியவில்லை. இறக்கி நிறுத்திப் பார்த்தால் ஃபாக் லைட் இரண்டு, 100/90 வாட் ஹெட்லைட் பல்பு, இரட்டை ஹார்ன், எல்இடி இண்டிகேட்டர், யூஎஸ்பி சார்ஜர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், உயரமான ஹேண்டில் பார்.

“ஒரே நாள்லயா தம்பி இவ்வளவையும் மாட்டுனீங்க?”

“ஆமாண்ணே. ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்டும் நானும் உக்காந்து ஒரே மூச்சுல முடிச்சுட்டோம்.”

ஸ்டார்ட் ஆகாதது போக இன்னும் நாலு புகார் இருந்தன. ஹெட்லைட் மஞ்சளடிக்கிறது, இண்டிகேட்டர் தறிகெட்டுத் துடிக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது, எப்போதாவது ஓடும்போதே வண்டி அணைந்துவிடுகிறது. அந்த வண்டியோடு நாலு நாள் இருந்தேன். அதில் பார்த்ததையும், வருடக்கணக்காக மற்ற வண்டிகளில் பார்த்ததையும் அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். புதுப் பொருள் மாட்டிய பிறகு கோளாறு வந்தால், “மட்டமான பொருளை வாங்கிட்டோம்” என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் என் அனுபவத்தில் பத்துக்கு ஏழெட்டு வண்டியில் புதுப் பொருள் நன்றாகவே இருக்கிறது. அது வண்டியின் இன்னொரு பாகத்திடம் கூடுதல் வேலை கேட்கிறது, அந்தப் பாகம் தாங்க முடியாமல் முனகுகிறது. பெரிய பல்பு ஒயரிடம் கேட்கிறது, சைலன்சர் கார்புரேட்டரிடம் கேட்கிறது, ஹேண்டில் பார் கேபிளிடம் கேட்கிறது. யாரிடம் கேட்டது என்று தேடிப் போனால் பாதி வேலை முடிந்தது.

கையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், பிளக் ஸ்பேனர், சாதாரண ஸ்பேனர் செட் இருந்தால் போதும். கழற்றிய கம்பெனிப் பாகங்களைத் தயவுசெய்து காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பழையதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதைப் போலத் தெளிவான சோதனை வேறு கிடையாது.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

செல்ஃப் பட்டனை அழுத்தினால் “டிக் டிக்” என்று ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) சத்தம் மட்டும் வரும், மீட்டர் விளக்கு மங்கும். பேட்டரி காலி. உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். அது ஏன் காலியானது என்று தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் போய்விடும்.

ஒரு ராத்திரி நின்ற வண்டியில் சாவி போடாமல் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் நல்ல சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் முதலில் வெளியே சார்ஜ் போட்ட பிறகுதான் மற்ற சோதனைகள் எல்லாம்.

சார்ஜ் ஏறியதும் மீட்டரைப் பிடித்தபடியே செல்ஃப் அடியுங்கள். வோல்ட் 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கே வயதாகிவிட்டது. சரியாமல் ஸ்டார்ட் ஆகிவிட்டால், ஆர்பிஎம்மை 3000-லிருந்து 4000 வரை ஏற்றிப் பிடித்து மறுபடி அளக்க வேண்டும். 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் கரண்ட் தயாரிக்கும் மேக்னெட் காயிலும் அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் நன்றாக இருக்கின்றன. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும், வண்டியை எடுக்காதீர்கள். இப்போது மாட்டிய எல்லா லைட்டையும் போட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால், வண்டி தயாரிப்பதைவிட நீங்கள் செலவழிப்பது அதிகம் என்று அர்த்தம்.

கணக்கு சுலபம்தான். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். 20 வாட் ஃபாக் லைட் இரண்டு என்றால் 40 வாட், 3.3 ஆம்பியர். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதை அணைக்க ஸ்விட்ச்சே இல்லை. ஆக, மிச்சம் இருக்கும் கரண்ட் ஏற்கெனவே குறைவு. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், செல்ஃப் எடுத்த சார்ஜே திரும்ப ஏறாது.

சார்ஜிங் சரியாக இருந்தும் காலையில் காலி என்றால், நிற்கும்போது கரண்ட் கசிகிறது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துச் சேருங்கள். முதலில் 10 ஆம்பியர் அளவில் வைத்துவிட்டு அப்புறம் மில்லி ஆம்பியருக்கு இறங்குவது நல்லது. மீட்டர் இருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பவோ செல்ஃப் அடிக்கவோ வேண்டாம், உள்ளே ஃபியூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் காட்டினால் கவலை இல்லை.

பள்ளத்தூர் தம்பியின் வண்டியில் 85 மில்லி ஆம்பியர் காட்டியது. 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-மணி (Ah). தம்பியின் 14 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே வாரத்தில் ஒட்ட வடிந்துவிடும், செல்ஃப் எடுக்கிற தெம்பு அதற்கு முன்பே போய்விடும். பேட்டரி அந்த அளவுக்கு வடிந்தால் இக்னிஷனுக்கே கரண்ட் போதாது, கிக்கரை உதைத்தும் பயனில்லை. மாட்டியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். யூஎஸ்பி சார்ஜரின் ஒயரை எடுத்ததும் 85 சட்டென்று 2-க்கு இறங்கியது. சார்ஜரில் பழுது இல்லை. பேட்டரியில் நேராகக் கொடுத்திருந்ததால், போன் இல்லாதபோதும் ராத்திரியெல்லாம் விழித்திருந்தது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்கு மாற்றினோம், தீர்ந்தது.

இந்த ஊர்க்காரர்களிடம் பேட்டரியைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தனி உற்சாகம். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த செக்ரி, மின்வேதியியலுக்கும் பேட்டரிக்கும் துருவுக்கும் என்றே இருக்கிற ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் இடம் கொடுத்து நம் காரைக்குடியில்தான் நிற்கிறது. அதன் வாசலைத் தாண்டித் தினமும் போகிறவர்கள் பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பூவைத் துடைக்காமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, முனைகளை இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சித்திரை வெயிலில் பேட்டரி எப்படியும் சீக்கிரம் வயதாகும், நாமும் சேர்ந்து அதைப் பாடுபடுத்த வேண்டாம்.

ஹெட்லைட் பெரிதாகப் போட்டும் வெளிச்சம் இல்லை

அடுத்தது தம்பியின் ஹெட்லைட். டூமைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. பல்பின் பின்னால் மாட்டும் ஹோல்டர், வெள்ளையாக இருக்க வேண்டியது, ஒரு பக்கம் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் பொரிந்திருந்தது. இழுத்தால் வரவில்லை. பல்பின் காலோடு உருகி ஒட்டியிருந்தது. மெதுவாக ஆட்டி எடுத்தபோது ஒயரின் மேல்தோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு விறைத்து, மடக்கினால் அப்பளம் போல நொறுங்கியது.

அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 60/55 வாட். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர். ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஒயரில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 35 வாட் பல்புக்குச் செய்த சின்ன வண்டியில் இதே 100-ஐப் போட்டால் எட்டு மடங்கு. அதே மெல்லிய ஒயர், அதே ஸ்விட்ச் காண்டாக்ட், அதே பிளாஸ்டிக் ஹோல்டர் இவ்வளவையும் தாங்க வேண்டும்.

வெளிச்சம் மங்குவதற்கும் காரணம் இதுவேதான். லைட் எரியும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பின் காலில் எத்தனை வோல்ட் என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியிலேயே கரண்ட் சூடாகிக் கரைகிறது. தம்பியின் வண்டியில் 1.9 வோல்ட் காணாமல் போயிருந்தது. 100 வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும் பல்புக்குக் கிடைத்தது அதைவிட எவ்வளவோ குறைவு. இழை வெள்ளையாகப் பழுக்காமல் மஞ்சளாகவே நிற்கும்.

வழி இரண்டு. நான் பரிந்துரைப்பது, பழைய 60/55-க்கே திரும்பி, ரிலே மட்டும் போடுவது. ரிலேயின் 30 என்ற காலுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த ஒயர், நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபியூஸுக்கு முந்தைய ஒயர் எங்காவது உரசினால் காப்பாற்ற ஆளில்லை. 87-இலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வேண்டும். பீங்கான் ஹோல்டர் போட்டு, எர்த் ஒயரையும் தடிப்பாக, பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். இப்படிச் செய்த 60 வாட், ரிலே இல்லாத 100 வாட்டைவிட நன்றாக ரோட்டைக் காட்டும். தம்பிக்கு அன்று ராத்திரி கோவிலூர் பக்கம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் நம்பினார். இரட்டை ஹார்னுக்கும் இதே ரிலே கதைதான்: ஹார்ன் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால், பட்டன் காண்டாக்ட் கருகிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வழி, 100 வாட்டையே ரிலேயோடு வைத்துக்கொள்வது. ஒயர் தாங்கும், எதிரில் வருகிறவரின் கண் தாங்காது. நம் பக்கம் கண்மாய்க் கரை ரோடுகளுக்கு ஓரத்தில் தடுப்பு கிடையாது. எதிரே வருகிறவர் ஒரு நொடி கண் கூசி இடதுபக்கம் ஒதுங்கினால் நேராகப் பள்ளம்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் இருட்டு விலகும் முன்பே ரோட்டோரமாக வரிசையாகப் போகிறார்கள். ஃபாக் லைட்டையும் ரோட்டைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள், ஊருக்குள் அணையுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

எல்இடி பல்பு போட்ட பிறகு ஐட்லிங்கில் லைட் துடித்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் நிற்கிறது என்றால், உங்கள் வண்டியின் ஹெட்லைட் பேட்டரியில் ஓடவில்லை. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வரும் ஏசி கரண்டில் எரியும். சாதாரண இழை பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. எல்இடியின் உள்ளே இருக்கும் சர்க்யூட் டிசி கேட்கும். ஏசி-டிசி இரண்டும் ஏற்கும் எல்இடி வாங்குங்கள். இல்லையென்றால் பழைய பல்பே நல்லது.

இண்டிகேட்டர் வேகமாகத் துடிக்கிறது, அல்லது நாலும் சேர்ந்து எரிகிறது

வேகமாகத் துடிப்பதற்குக் காரணம், இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ஃப்ளாஷர். அது 10 வாட் பல்பு இரண்டின் சுமையை எதிர்பார்த்துச் செய்தது. எல்இடி ஒன்றிரண்டு வாட்தான் இழுக்கும், ஃப்ளாஷர் “ஒரு பல்பு போய்விட்டது” என்று நினைத்துக்கொண்டு வேகமாக அடிக்கும். எல்இடிக்கான எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்கி மாற்றினால் தீர்ந்தது. சிலர் ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கிறார்கள். அது அடுப்பு மாதிரி சூடாகும், சைடு கவருக்குள் ஒயரோடு ஒட்டிக் கிடந்தால் ஒயரை உருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

வலது போட்டால் இடதும் சேர்ந்து எரிவதுதான் பலரைச் சுற்றலில் விடுகிறது. ஒயர் மாறிவிட்டது என்று மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிடுவார்கள். மீட்டரைப் பாருங்கள். இடது வலதுக்குத் தனித்தனி அம்பு விளக்கு இருந்தால் இந்தத் தொல்லை வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு இருக்கும் வண்டியில் அந்தச் சின்ன பல்பின் ஒரு கால் இடது ஒயரிலும் இன்னொரு கால் வலது ஒயரிலும் இருக்கும். வலது போட்டால் கரண்ட் அந்தப் பல்பு வழியாக ஓடி, இடதுபக்க பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். பழைய 10 வாட் பல்பை எரிக்க அந்தத் துளிக் கரண்ட் போதாது. எல்இடிக்குத் தாராளமாகப் போதும்.

மீட்டர் பல்பின் இரண்டு ஒயரையும் பிரியுங்கள். இரண்டிலும் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒவ்வொன்று வைத்துச் சேர்த்து, சேர்ந்த முனையை பல்பின் ஒரு காலில் கொடுங்கள். வெள்ளிக்கோடு இருக்கும் பக்கம் பல்பைப் பார்த்து இருக்க வேண்டும். பல்பின் இன்னொரு காலை எர்த்தில் கொடுத்துவிடுங்கள். 1என்4007 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். தம்பி தன் வண்டியில் இதைத் தானே செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் வெடிக்கிறது

கார்புரேட்டர் வண்டியில் ஃப்ரீ ஃப்ளோ போட்டால் புகை தடையில்லாமல் வெளியேறும், உள்ளே காற்று அதிகமாக வரும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளையான ஜெட் பழைய அளவுதான். ஆகவே காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏர் ஃபில்டரையும் சேர்த்து மாற்றியிருந்தால் இன்னும் மோசம். இதன் கூடவே எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப் நீலம் பாரிக்கும், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் ஒரு நொடி அடைத்துவிட்டுத்தான் எடுக்கும்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் கசிவைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருப்பார்கள். அங்கே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவியோடு பைப்பில் வெடிக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி லேசாக அடைத்தால், கசியும் இணைப்பில் “புஸ் புஸ்” என்று கேட்கும், கரி படிந்த கோடும் தெரியும். புது பேக்கிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பாதி வண்டிகளில் வெடிப்பு இதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் பிளக்கைக் கேளுங்கள். ஒரு பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரங்கட்டி, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனிப் பீங்கான் காப்பிப் பொடி வெளுத்த நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையென்றால் பெட்ரோல் போதவில்லை. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். தம்பியின் பிளக், ஆத்தங்குடி வீட்டுச் சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவருக்கு அது அழகு, பிளக்குக்கு ஆபத்து. அப்படியே நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் பிஸ்டனுக்குக் கேடு.

ஆக்சிலேட்டரை விடும்போது வரும் வெடிப்பு பெரும்பாலும் குறைந்த முறுக்கில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் பக்கம்தான். காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். இங்கே பலர் தவறுவார்கள்: ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், வெளியே திருப்பினால் கூடும். முழு முறுக்கில் வண்டி இழுக்கவில்லை என்றால்தான் மெயின் ஜெட். ஒரு நம்பர் மட்டும் ஏற்றி, ஓட்டி, மறுபடி பிளக் பார்க்க வேண்டும். மூன்று நம்பர் ஒரேயடியாக ஏற்றினால் மைலேஜ் விழும், பிளக் கரியாகும், பழி சைலன்சர் மேல் விழும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஜெட்டே கிடையாது. பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும், அதுவும் ஓர் எல்லைக்குள்தான். சென்சாருக்கு முன்னால் பேக்கிங் கசிந்தால், உள்ளே வரும் வெளிக்காற்றைப் பார்த்துச் சென்சார் “பெட்ரோல் குறைவு” என்று சொல்லும், ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். சைலன்சர் மாற்றியதும் மைலேஜ் விழுந்து எஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் நான் பார்ப்பேன். விளக்கை அணைக்க ரெசிஸ்டர் வைத்துச் சென்சாரை ஏமாற்றுகிறார்கள். விளக்கு அணையும், எஞ்சினுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போகும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தப்படி அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒலி, புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை. தயாரிப்பின்போது சோதிக்கும் ஒலி அளவு 80 சிசியிலிருந்து 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80. ஒலி குறைக்கும் உள்குழாயை உருவிய சைலன்சர் இதைத் தாண்டாமல் இருக்க வழியே இல்லை.

அபராதத்தைவிட என்னை உறுத்தியது வேறு. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு வண்டி விடப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “ஏம்ப்பா, முற்றத்துல சத்தம் வந்து சுத்திச் சுத்தி நிக்குது, அடங்க மாட்டேங்குது.” உயரமான சுவர், நீளமான தெரு, கல் தூண். அங்கே சத்தம் போக இடமில்லை. அன்றிலிருந்து உள்குழாய் இல்லாத சைலன்சரை நான் மாட்டுவதில்லை. பள்ளத்தூர் தம்பியும் கடைசியில் கம்பெனி சைலன்சருக்கே திரும்பினார். ஜெட் எதையும் தொடாமலே வெடிப்பு நின்றது, பிளக் நிறம் திரும்பியது.

சுருக்கமாகச் சில

அகலமான டயர் போட்டபின் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசுகிறது, வளைவில் வண்டி சாய மறுக்கிறது என்றால் ரிம் அகலம் பொருந்தவில்லை. ஒல்லியான ரிம்மில் தடித்த டயர் பலூன் மாதிரி உருண்டு நிற்கும், ரோட்டைத் தொடும் இடம் குறையும். ஓர் அளவு கூட்டலாம், அதுவும் ரிம்முக்கு டயர் தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள். சீமைக்கருவேல முள்ளுக்கு பயந்து டியூப்லெஸ் கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனால் ஸ்போக் ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்டாதீர்கள். அலாய்க்கு மாறினால் அந்த வண்டிக்கான அலாயே வாங்குங்கள்.

ஸ்ப்ராக்கெட் மாற்றியபின் செயின் கரகரக்கிறது என்றால், பழைய செயினைப் புது பல்லில் ஓட்டுகிறீர்கள். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14-க்குப் பதில் 15 போட்டால் ஏழு சதவீதம் கியர் நீளும், ஹைவேயில் எஞ்சின் நிம்மதியாக ஓடும், பின்னால் ஆள் வைத்துத் திருமயம் கோட்டைப் பக்க ஏற்றத்தில் டாப் கியர் இழுக்காது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாது.

லெக் கார்டு போட்டபின் கால் மரத்துப்போகிற அதிர்வு வந்தால், அது எஞ்சின் மவுன்டிங் போல்ட்டோடு சேர்த்து மாட்டியதா என்று பாருங்கள். கார்டின் ஓட்டை பொருந்தாமல் நெம்பி மாட்டியிருந்தால் எஞ்சினும் ஃபிரேமும் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, கையால் திருகி உட்கார வைத்து, கடைசியில் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

பிரேக் ஹோஸ் மாற்றியபின் லீவர் மெத்தென்று உள்ளே போனால் காற்று இருக்கிறது. ஹோஸ் முனையை இறுக்கும் பேன்ஜோ போல்ட்டின் இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர், மூடியில் எழுதியிருக்கும் டாட் எண்ணே கொண்ட புது டப்பா பிரேக் ஆயில், குமிழி நிற்கும் வரை வெளியேற்றுதல். லீவர் கல் மாதிரி நிற்கும் வரை வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது. ஏபிஎஸ் வண்டியென்றால் அதற்கான கருவி உள்ளவரிடம் கொடுங்கள். பிரேக்கில் கற்றுக்குட்டித்தனம் வேண்டாம்.

ஹேண்டிலைத் திருப்பினால் எஞ்சின் மாறுகிறது

தம்பியின் வண்டியில் கடைசியாகப் பிடிபட்டது இதுதான், நாலு நாளில் இரண்டு நாளை இதுவே தின்றது. ஓடும்போது திடீரென்று அணையும், மறுபடி பட்டன் அழுத்தினால் எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் டியூப், பிளக் கேப், இக்னிஷன் காயில் எல்லாம் பார்த்தாயிற்று. பட்டறையில் நிற்கும்போது ஒரு முறைகூட அணையவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியை வாசலில் திருப்பி நிறுத்தும்போது, ஹேண்டில் முழுதாக இடதுபக்கம் போனதும் அணைந்தது. அப்போதுதான் உறைத்தது.

உயரமான பார் போட்டால் கேபிள்களும் ஒயர்களும் பழைய நீளத்திலேயே இருக்கும். சோதனை இது: எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் ஹேண்டிலை மெதுவாக இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள். ஆர்பிஎம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. யூ டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாயும். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், நீளமான கேபிள் வாங்குங்கள், அல்லது பாரை இறக்குங்கள். பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் கடைசித் திருப்பத்தில் விறைக்காமல் தொய்வாக இருக்க வேண்டும். ஆர்பிஎம் இறங்கி அணைந்தால் ஒயர்.

டேங்கைத் தூக்கி, ஹேண்டில் கழுத்தில் ஒயர் கட்டு வளையும் இடத்தில் டேப்பைப் பிரித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஒயரும் முழுசாக இருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மடக்கிக்கொண்டே வந்தேன். மற்றவை விறைப்பாகத் திமிறின. எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச்சுக்குப் போகும் ஒயர் மட்டும் ஓர் இடத்தில் ஈர நூல் மாதிரி துவண்டது. தோலை அறுத்துப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் கறுத்து, நாலைந்து தவிர மற்றதெல்லாம் அறுந்திருந்தன. இடதுபக்கம் திருப்பும்போது அந்த நாலைந்தும் பிரிந்துவிடும்.

கட்டை முழுதும் பிரித்து, இழுபட்ட ஒயர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் ஒயர் சேர்த்தோம். ஒட்டு வளைகிற இடத்தில் வரக்கூடாது, நேராகக் கிடக்கும் இடத்தில் வர வேண்டும். முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் சுருக்கி, ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராதபடி மாற்றி மாற்றி வைத்தோம். வெறும் இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் ஒரே கோடையில் பசை உருகி அவிழ்ந்துவிடும்.

நாலாம் நாள் வண்டியைக் கொடுக்கும்போது ஃபாக் லைட்டையும் ஹார்னையும் மாட்டவில்லை. “ரெண்டு நாள் இப்படியே ஓட்டுங்க தம்பி. அப்புறம் ஃபாக் லைட். ரெண்டு நாள் கழிச்சு ஹார்ன். எதை மாட்டுனதும் தொல்லை வருதுன்னு அப்பதான் தெரியும்” என்றேன். இடதுபக்க சைடு கவரின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, என்ன மாட்டியது, எத்தனை வாட், எந்த ஃபியூஸ், ஒயரை எங்கிருந்து எடுத்தது, என்ன தேதி என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். போன வாரம் ஆயில் மாற்ற வந்திருந்தார். கவரைக் கழற்றினேன், கீழே இரண்டு வரி புதிதாக இருந்தது, அவர் கையெழுத்தில்.